கிரிப்பு ராஜாவின் பங்காளி

நண்டோடைக்குப்பத்துப் பாஸ்கர் குறுநில மன்னர் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. ராயபுரத்தில், இரண்டாவது மாடியில், மின்விசிறி ஓடாத ஓர் அறையில். அதற்கு முன் நாற்பத்தாறு வருடம் அவன் வெறும் பாஸ்கராகத்தான் இருந்தான். அதில் யாருக்கும் பெரிய குறை இருந்ததாகத் தெரியவில்லை. பெண்டாட்டி கன்னியம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது.

குப்பம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டாம். திருவொற்றியூரைத் தாண்டி, எர்ணாவூர் வருவதற்குள், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று சாலையை மறைக்கும். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தால் அதில் நுழைய வேண்டும். அந்தப் பக்கம் கரை முழுக்கக் கருங்கல் கொட்டியாகிவிட்டது. அலை வந்து கல்லில் முட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போகும். மணல் என்று மிச்சம் இருப்பது இந்தக் குப்பத்தின் முன்னால் தொள்ளாயிரம் அடிதான். நாற்பத்திரண்டு ஃபைபர் படகும் அதில்தான் ஏற வேண்டும், அதில்தான் இறங்க வேண்டும். அது போனால் படகை வீட்டு மாடியில்தான் நிறுத்த வேண்டும். குப்பத்தில் மாடி வீடு மூன்று.

அந்தத் தொள்ளாயிரம் அடியைத் துறைமுக விரிவாக்கத்துக்கு எடுத்துக்கொள்வதென்று எங்கேயோ முடிவாகி, இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை இரும்புத் தூண் நட்டு வேலி போடுவதாக மின்கம்பத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஆட்சேபணை இருந்தால் ‘கரையோர மக்கள் கருத்தொருமிப்பு ஆணைய’த்திடம் சொல்லலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மேலே இருந்த பெரிய எழுத்துகளை வெயில் தின்றுவிட்டது. சின்ன எழுத்து எப்படியோ பிழைத்திருந்தது.

குப்பத்தில் நாட்டார் பதவி முறை வைத்து வரும். சித்திரைக்குச் சித்திரை ஒரு குடும்பம். இந்த வருடம் பாஸ்கர் வீடு. நாட்டார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: சண்டையை விலக்க வேண்டும், கோயில் சாவியைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும், சாவு விழுந்தால் ஊருக்கு முன்னால் போய்க் கடலில் முழுக வேண்டும். இந்த மூன்றும் பாஸ்கருக்கு வரும். மாடிப்படி ஏறி அதிகாரிகளிடம் பேசுவது வராது. கவலை வந்தால் அவன் வலது கால் தானாக ஆடத் தொடங்கும். தாள் ஒட்டிய அன்று ஆரம்பித்த ஆட்டம் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. சாப்பிடும்போது தட்டு நகர்ந்து நகர்ந்து கன்னியம்மா பக்கம் போய்விடும்.

“காலை அடக்கிக்கினு துன்னுய்யா. வூடே ஆடுது,” என்பாள் அவள்.

ஆணையத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை தொங்கியது. ‘மக்கள் பணியில் ஒன்பது ஆண்டுகள். பெறப்பட்ட ஆட்சேபணைகள்: 0.’ அந்தப் பூஜ்யத்தைத் தங்க வண்ணத்தில் எழுதியிருந்தார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர் தேவகிருபை. ஒன்பது வருடமாக அங்கே எழுத்தர். விதிப் புத்தகத்தை வேதப் புத்தகம் மாதிரி இரண்டு கையாலும் பிடிப்பவர்.

“மரபுவழி ஆட்சியாளர் மட்டும்தான் ஆட்சேபணை குடுக்கலாம்,” என்றார். “நீங்க ராஜாவா?”

“இல்லமா. பாஸ்கரு.”

“படிவத்துல நாலு கட்டம் இருக்கு. பேரரசர், அரசர், குறுநில மன்னர், மற்றவை.”

“மத்தவைல போட்ருமா.”

“மற்றவையைப் போன வருஷத்தோட மூடிட்டாங்க.”

பாஸ்கரின் கால் மேசையைத் தட்டியது. தேவகிருபை பேனாவை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

“பேரரசர்னா கடல் கடந்து படையெடுத்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க.”

“நெல்லூர் வரிக்கும் போய்க்கிறேன்மா.”

“மீன் பிடிக்கப் போனது படையெடுப்புல வராது. அரசர்னா அரண்மனை வரி ரசீது வேணும். குறுநில மன்னர் போடறேன். அதுக்கு ரேஷன் கார்டு போதும்.”

இப்படித்தான் அவன் மன்னன் ஆனது. அடுத்தது, குப்பத்துக்கு மரபு என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் தேவகிருபை. பதிவேட்டைப் புரட்டியவர், “பரவால்ல. உங்க மரபு ஒண்ணு ஏற்கெனவே ஏறியிருக்கு. நாலாம் நம்பர்,” என்றார்.

அது எப்படி ஏறியது என்பது பாஸ்கருக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு, இரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போன, குப்பத்துப் பையன் வெற்றியின் சித்தப்பா அங்கேயே கடலில் விழுந்து செத்துப்போனார். சேதி குப்பத்துக்கு வந்தது எட்டு மாதம் கழித்து. நண்டோடைக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் எங்கே, எப்போது செத்தாலும் சரி, சேதி கரைக்கு வந்த நாள்தான் சாவு நாள். அன்றைக்கு நாட்டார் முழுகுவார். முழுகிவிட்டால் உடல் வந்து சேரும் வரை நாட்டார் பேனா பிடிக்கக் கூடாது, கரையில் கடப்பாரை இறங்கக் கூடாது, குழி விழக் கூடாது. படகு மட்டும் போகலாம், உடலைத் தேட. தேடப் போன இடத்தில் மீன் வந்து வலையில் விழுந்தால் அது மீனின் தப்பு.

சித்தப்பாவின் பெட்டி வர இருபத்தோரு நாள் ஆனது. அதுவரை குடிநீர்க் குழாய்க்குத் தோண்ட வந்தவர்கள் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமயம் ஆணையம் தன் ஆண்டறிக்கையில் ‘பாதுகாக்கப்பட்ட மரபுகள்’ என்று ஓர் அத்தியாயம் திறந்துவிட்டு, மூன்றுக்கு மேல் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது. ஓடி வந்து இதை நான்காவதாகச் சேர்த்து, முத்திரை குத்தி, மேலிடத்தில் பாராட்டும் வாங்கிவிட்டது.

“இது முதல் நிலை. மொத்தம் ஆறு இருக்கு,” என்றார் தேவகிருபை. “ஆறையும் முடிச்சாத்தான் முழு ராஜா. நாளைக்குப் பத்து மணிக்குப் பயிற்சி. நேரத்துக்கு வந்துடுங்க, மன்னரே.”

கடைசி வார்த்தையை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. விதிப்படி அப்படித்தான் அழைக்க வேண்டும்.

பயிற்சி அறையில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்தது பாஸ்கர் ஒருவன். ஆணையர் லோகநாதன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நாற்பது நாற்காலிக்கும் வணக்கம் சொன்னார்.

லோகநாதனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முந்தைய வருடம் ஆணையம் அவரை, துறைமுகமும் மீனவரும் பக்கத்தில் பக்கத்தில் வாழும் அயல்நாடு ஒன்றுக்கு ஆய்வுப் பயணம் அனுப்பியது. அவர் போனது வேல்ஸ் நாட்டின் வடக்கே பாங்கர் என்ற ஊருக்கு. மகளும் மருமகனும் அங்கே இருந்தது தற்செயல். பன்னிரண்டு நாளில் துறைமுகம் எதையும் பார்க்க முடியவில்லை. கோட்டை பார்த்தார். திரும்பி வந்து இருநூற்றுப் பதினாலு பக்க அறிக்கை கொடுத்தார். அறிக்கை வந்தால் அதை எங்கேயாவது பயன்படுத்தியாக வேண்டும் என்பது விதி. அதனால் வட சென்னை மீனவருக்கான பயிற்சி முழுக்க, தொள்ளாயிரம் வருடம் முன்பு வட வேல்ஸை ஆண்ட க்ரிஃபித் அப் கனன் என்ற மன்னரின் வரலாறாக அமைந்துவிட்டது.

“ஏன் இந்த மன்னர்?” என்று லோகநாதன் முன் வரிசையின் காலி நாற்காலியைக் கேட்டார். “அது வட வேல்ஸ். இது வட சென்னை. அங்கே கடல். இங்கே கடல். அங்கே பக்கத்திலேயே நார்மன்கள் என்ற பெரிய சக்தி விரிவாக்கத்தில் ஈடுபட்டிருந்தது. இங்கேயும் விரிவாக்கம். ஒரு சிற்றரசன் ஒரு பெரிய சக்தியின் நிழலில் எப்படி மகிழ்ச்சியாக இருக்கலாம் என்பதற்கு இவரைவிட உதாரணம் இல்லை. நிழல் என்றால் என்ன? வெயில் இல்லாத இடம். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டாமா?”

திரையில் ஒரு படம் வந்தது. கோட்டைச் சுவர் முன்னால், தாடியும் கிரீடமுமாக ஒருவர். அவர் தோளில் கை போட்டபடி லோகநாதன். கீழே ‘மன்னருடன் ஆணையர்.’ சுற்றுலா வந்தவர்களோடு படம் எடுத்துக்கொள்ள வேஷம் கட்டி நிற்கிற ஆள் அது என்று அறிக்கையின் அடிக்குறிப்பில் இருந்தது. அடிக்குறிப்பைத் திரையில் காட்டவில்லை.

“நார்மன்கள் வந்தார்கள். ஊருக்கு ஊர் கோட்டை கட்டினார்கள். கட்டுமானத் துறை வளர்ந்தது. ஒரு நாள் நம் மன்னரைப் பேச்சுவார்த்தைக்கு வரச் சொன்னார்கள். என்ன செய்தார்? போனார். கையில் கத்தி இல்லாமல், கூடப் படை இல்லாமல், ஒரு கேள்வி கேட்காமல் போனார். போன இடத்திலேயே சங்கிலி போட்டுச் சிறையில் வைத்தார்கள். பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் ஓர் ஆட்சேபணை மனு கொடுத்ததாக எந்த ஆவணத்திலும் இல்லை. இதைத்தான் நான் முதிர்ச்சி என்பேன்!”

தானே கை தட்டினார். பாஸ்கர் கையைத் தூக்கினான்.

“அய்யா, அவர யாரு இட்டுகினு போனது?”

“அவருடைய ஆளே ஒருவன்தான். அந்தக் காலத்திலும் நல்லெண்ணத் தூதர்கள் இருந்திருக்கிறார்கள்.”

“அப்பால எப்டி வெளிய வந்தாரு?”

லோகநாதன் தாளைப் புரட்டினார். “அது பாடத்திட்டத்தில் இல்லை.”

வெளியே தண்ணீர் கேன் அருகே தேவகிருபை டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். அறிக்கையைப் பிழை திருத்தியது அவர்தான். அலுவலகத்தில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆளும் அவர்தான். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்ததும் அது காசிமேட்டுக் குரலாகிவிட்டது.

“ஜெயிலுக்கு வெளிய சந்தையில சங்கிலியோட கெடந்தாராம். ஊர்ப் பெரியவங்கல்லாம் குந்திகினு துன்னுகினு இருந்தாங்களாம். அந்த கேப்ல ஒரு நெட்டையன் வந்தான். ராஜாவ சங்கிலியோட அப்டியே தோள்ல தூக்கிப் போட்டுகினு போய்ட்டான். அவ்ளோதான்.”

“ஒர்த்தனேவா?”

“ஒர்த்தனே.” மறுபடி டம்ளரை எடுத்தார். “நாளைக்கு மூன்றாம் நிலை, மன்னரே. பத்து மணி.”

பாஸ்கர் குப்பத்துக்கு வந்து இதைச் சொன்னான். சொன்னது தப்பு. சந்து முனையில் மீன் விற்கும் கெங்கம்மாவுக்கு அன்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. சாவு வீட்டில் கெங்கம்மா வாயைத் திறந்தால் எர்ணாவூர் வரை கேட்கும். செத்தவனைப் பிடிக்காதவன்கூட அழுதுவிட்டுத்தான் போவான். அப்பேர்ப்பட்டவள் தினமும் சாயங்காலம் வஞ்சிரத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாஸ்கருக்காகக் காத்திருந்தாள்.

“இன்னா நைனா, இன்னிக்கு ராஜாவுக்கு இன்னா ஆச்சி?”

“திரும்பித் தொரத்திட்டானுங்க. படகு ஏறி அயர்லாந்துன்னு ஒரு ஊருக்குத் தப்பிச்சிட்டாரு.”

“படகு ஏறினாரா?” என்று துள்ளினான் மணி. பாஸ்கரின் படகில் கூடப் போகிறவன். ஆறடி மூன்று அங்குலம். குப்பத்து வீடுகளுக்குள் குனிந்துதான் நுழைவான். “அப்போ நம்மாளு மாமு!”

“ஒரு வாட்டி இல்ல. மூணு நாலு வாட்டி. தொரத்தத் தொரத்த ஓடுவாரு, கப்பல் கட்டிகினு திரும்ப வந்து நிப்பாரு.”

“பாவம்டா கிரிப்பு,” என்றாள் கெங்கம்மா. மன்னரின் பெயர் குப்பத்தில் கிரிப்பு என்று நிலைத்துவிட்டது. “கட்டினவ கூடப் போனாளா?”

அது பாடத்திட்டத்தில் இல்லை. கெங்கம்மா அதற்கு லோகநாதனின் பரம்பரையைத் திட்டினாள்.

நான்காம் நிலையில் மன்னர், இங்கிலாந்தின் அரசர் பெரும் படையோடு வந்தபோது போய்த் தலை வணங்கி நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஒவ்வொரு வகுப்பும் மன்னர் உயிரோடு இருக்கும்போதே முடிந்தது. தேதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. பாஸ்கர் வலையைப் பிரித்தால் அப்படியே விட்டுவிட்டு எழுந்து கரைக்குப் போவான். மணலைக் காலால் அளப்பான். தொள்ளாயிரம் அடி அப்படியேதான் இருக்கும். திரும்ப வருவான். திரும்பப் போவான்.

பதினாறாம் தேதி ஐந்தாம் நிலை: மகுடம். பாரிமுனையில் வாடகைக்கு எடுத்த கிரீடம், சிவப்பு வெல்வெட் அங்கி, தகரச் சங்கிலி. எதற்குச் சங்கிலி என்று கேட்டதற்கு, வரலாற்று உண்மைக்காக என்றார்கள். மே மாத வெயிலில் வெல்வெட்டுக்குள் பாஸ்கர் வெந்துகொண்டிருக்க, லோகநாதன் ஒரு சான்றிதழை வாசித்தார். அது அவருடைய சொந்த யோசனை. ஊருக்கு ஊர் சகோதர நகரங்கள் இருக்கும்போது சகோதர மன்னர்கள் ஏன் இருக்கக் கூடாது? அறிக்கைக்கு ஒரு ‘விளைவு’ காட்டியாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து இரண்டு நினைவூட்டல் வந்திருந்தது.

“‘வட வேல்ஸ் மன்னர் க்ரிஃபித் அப் கனன் அவர்களும் நண்டோடைக்குப்பம் மன்னர் பாஸ்கர் அவர்களும் இன்று முதல் உடன்பிறந்த மன்னர்களாக அறிவிக்கப்படுகிறார்கள். இருவரும் இருவர்தம் குடிகளும் ஒரே குடும்பமாகக் கருதப்படுவர். நல்லது கெட்டது அனைத்திலும் ஒருவருக்கொருவர் உரிமையும் கடமையும் உடையவர்.’ ஆணை எண் நூற்றுப் பதினாலு.”

படம் எடுத்தார்கள். பாஸ்கர் அந்தச் சூட்டோடு சூடாகக் கேட்டான்: “அய்யா, ஆட்சேபணை மனுவ எப்ப குடுக்கணும்?”

“எந்த மனு?”

“கரை வோணும்னு. வேலி வாணான்னு.”

லோகநாதன் அவன் தோளில் அன்போடு கை போட்டார். படத்தில் போட்டிருந்த அதே மாதிரி.

“மன்னரே, மறுப்பதற்கு எந்தத் தனி மனிதனும் போதும். தெருவில் போகிறவன்கூட மறுப்பான். அதற்கா இவ்வளவு செலவு செய்து உங்களை மன்னர் ஆக்கினோம்? சம்மதிக்கத்தான் மன்னர் தேவைப்படுகிறார். தனி மனிதன் சம்மதித்தால் ஒரு ஆளுடைய சம்மதம். மன்னர் சம்மதித்தால் நாற்பத்திரண்டு படகின் சம்மதம். ஆறாம் நிலை, சம்மத விழா. வெள்ளிக்கிழமை, உங்கள் கரையிலேயே. பிரியாணி உண்டு.”

பாஸ்கர் கிரீடத்தோடு தேவகிருபையின் மேசைக்கு ஓடினான்.

“வரமாட்டேன்னு சொன்னா?”

அவர் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். ‘விழாவுக்கு வராத மன்னர் சம்மதித்தவராகக் கருதப்படுவார்.’

“ராஜாவே வாணாம்னு எழுதிக் குடுத்துட்டா?”

அடுத்த வரி. ‘பதவி துறக்கும் மன்னர், துறக்கும் முன் சம்மதித்தவராகக் கருதப்படுவார்.’

“எதுக்குமா இந்த ஆபீசு?” என்றான் பாஸ்கர். தேவகிருபை வாசல் பலகையில் இருந்த தங்கப் பூஜ்யத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பதிவேட்டின் மேல் தூசியைத் துடைத்தார்.

கன்னியம்மா அன்று அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

“பேச்சுவார்த்தைக்குக் கூப்டாங்கன்னு போன ராஜா கதையத்தான் ஒரு வாரமா கேட்டுகினு இருந்த,” என்றாள். “கேட்டுகினே நீயும் போய்க்கினு இருந்துக்கிற. நான்தான் சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்துகினு இருந்துக்கிறேன்.”

வெள்ளிக்கிழமை வந்தது. மணலில் பந்தல் போட்டார்கள். ஒரு பக்கம் இரும்புத் தூண்கள் அடுக்கியிருந்தன. குழி தோண்டும் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதை ஓட்டும் அமான் புளியந்தோப்புக்காரர், யாரையும் பார்க்காமல் பீடி புகைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் பிரியாணி அண்டா. நாற்பத்திரண்டு படகின் சனமும் மணலில் உட்கார்ந்திருந்தது. கோட்டு சூட்டோடு வந்திருந்த கம்பெனிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மணல் ஷூவுக்குள் போகாமல் காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். மேடையில் வெல்வெட், கிரீடம், சங்கிலியோடு பாஸ்கர். கால் ஆடிய ஆட்டத்தில் சங்கிலி சலங்கை மாதிரி ஒலித்தது. தேவகிருபை ஒரு முக்காலியில் அமர்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

சம்மதப் பத்திரத்தையும் பேனாவையும் பாஸ்கர் முன்னால் வைத்துவிட்டு லோகநாதன் பேசத் தொடங்கினார். கம்பெனிக்காரர்கள் வந்திருந்ததால் மன்னரின் வரலாற்றை முதலிலிருந்து முழுதாகச் சொன்னார். பாடத்திட்டத்தில் இல்லாத கடைசி வரியையும் சேர்த்துவிட்டார்.

“…இவ்வாறு பெரிய சக்தியின் நிழலில் நெடுங்காலம் அமைதியாக ஆண்ட மன்னர், முதுமையில் கண் பார்வை இழந்து, எண்பத்திரண்டாம் வயதில் நிம்மதியாக இயற்கை எய்தினார்.”

“இன்னாது?” என்று ஒரு குரல் எழுந்தது. கெங்கம்மா. “கிரிப்பு பூட்டானா?”

“இயற்கை எய்தினார்,” என்று திருத்தினார் லோகநாதன்.

“கண்ணு தெரியாம பூட்டானா? அய்யோ என் ராசா!” கெங்கம்மா கூந்தலை அவிழ்த்தாள். அவ்வளவுதான். கூந்தல் அவிழ்ந்தால் குப்பத்துப் பெண்கள் யோசிக்க மாட்டார்கள். இருநூறு பேர் மாரில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

“சங்கிலியில கெடந்த ராசா
சந்தையில கெடந்த ராசா
தோளில் ஏறித் தப்பிச்சியே
தூக்க ஆளில்லாம பூட்டியே!”

கெங்கம்மா எதைத் தெரிந்து அழுதாள், எதைத் தெரியாமல் அழுதாள் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டவனைப் பற்றியும் பாட்டுக் கட்டுவாள்.

லோகநாதன் ஒலிபெருக்கியில் கத்தினார். “அமைதி! அமைதி! அவர் இறந்து தொள்ளாயிரம் வருடம் ஆகிறது!”

பாஸ்கரின் கையில் பேனா இருந்தது. கால் ஆட்டம் திடீரென்று நின்றது. ஒரு மாதத்தில் முதல் தடவை.

“சேதி இன்னிக்குத்தானே சார் கரைக்கு வந்துது,” என்றான்.

“அவர் உனக்கு யாரய்யா?”

பாஸ்கர் அங்கிக்குள் கை விட்டுச் சான்றிதழை எடுத்தான். வியர்வையில் நனைந்திருந்தாலும் முத்திரை தெளிவாக இருந்தது. “உடன்பொறந்தவரு சார். நீங்கதானே பண்ணி வச்சீங்க. பங்காளி செத்துட்டா நாட்டார் பேனா புடிக்கக் கூடாது.” பேனாவைக் கீழே வைத்தான்.

கம்பெனிக்காரர்கள் லோகநாதனைப் பார்த்தார்கள். லோகநாதன், எந்தச் சிக்கலுக்கும் ஆணையம் கடைப்பிடிக்கும் வழியைக் கடைப்பிடித்தார். “முதலில் எல்லோரும் சாப்பிடுவோம். உணர்ச்சி அடங்கட்டும். பிறகு கையெழுத்து.”

பெரியவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாஸ்கர் எழுந்து கடலைப் பார்த்தான். நாட்டார் முழுகினால்தான் துக்கம் துவங்கும். அறுபது அடி நடந்தால் அலை. நடக்கத்தான் முடியவில்லை. இத்தனை நாள் ஆடிய கால் இப்போது மரத்துப்போய் மேடையோடு ஒட்டிக்கொண்டது. அங்கி தடுக்கியது. சங்கிலி நாற்காலியில் சிக்கிக்கொண்டது. ஆணையத்தின் காவலாளி ஒருவன் சோற்றை மென்றபடியே எழுந்து அவன் பக்கம் வர ஆரம்பித்தான்.

அப்போது பந்தல் துணியில் தலை இடிக்க ஓர் உருவம் மேடைக்கு வந்தது. மணி. பாஸ்கரை அங்கி, கிரீடம், சங்கிலியோடு அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். லோகநாதன் நிமிர்ந்து பார்த்தபோது வாயில் கால் எலும்பு இருந்தது. அது வெளியே வருவதற்குள் மணி இடுப்பளவு தண்ணீரில் நின்று மன்னரை மூன்று முறை முக்கியெடுத்துவிட்டான். கிரீடம் அலையோடு போய்விட்டது. அதற்கான வாடகை நோட்டீஸ் தனிக் கோப்பில் இருக்கிறது.

இயந்திரத்தின் உறுமல் நின்றது. அமான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

“ஏன் நிறுத்தினீங்க? தோண்டுங்க!” என்றார் லோகநாதன்.

“சாவு வூடு சார். என்னால ஆவாது. வேற ஆளப் பாருங்க.”

லோகநாதன் தேவகிருபையிடம் திரும்பினார். “அம்மா, இது செல்லாது என்று சொல்லுங்கள்.”

தேவகிருபை எழுந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார். “பாதுகாக்கப்பட்ட மரபு எண் நாலு. ‘இறப்புச் செய்தி கரைக்கு வந்து, நாட்டார் கடலில் முழுகிய கணத்திலிருந்து, உடல் கரை சேரும் வரை கரையில் குழி தோண்டலாகாது. மீறும் அலுவலர் பணியிடை நீக்கம் செய்யப்படுவார்.’ கீழே உங்க கையெழுத்து சார். முழுகினது ஒண்ணு இருபத்தெட்டுக்கு. குறிப்புல ஏத்திட்டேன்.”

“உடல் பாங்கரில் இருக்கிறது! தேவாலயத்தில் புதைத்துத் தொள்ளாயிரம் வருடம் ஆகிறது!”

“அப்போ இன்னும் வந்து சேரலன்னு எழுதிக்கட்டுமா சார்?”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கோப்புகளில் இருக்கிறது. உடலுக்குப் பதில் வைக்கோல் பொம்மை ஏற்கப்படுமா என்று கம்பெனி கேட்டது. விதியில் ‘உடல்’ என்றுதான் உள்ளது என்று ஆணையம் வருத்தத்தோடு தெரிவித்தது. விதியை மாற்றலாமா என்று கேட்டார்கள். மாற்ற நாட்டாரின் கையெழுத்து வேண்டும், துக்கத்தில் இருக்கும் நாட்டார் பேனா பிடிக்கக் கூடாது. மன்னரின் உடலை அனுப்பி உதவுமாறு அந்த ஊருக்கு ஆணையம் ஏழு கடிதம் எழுதியது. எட்டாவதற்குப் பதில் லோகநாதனே நேரில் போய் வாங்கி வருவதென்று முடிவாகி, பன்னிரண்டு நாள் பயணத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. போனார். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அறிக்கை முந்நூறு பக்கம். உடல் வரவில்லை.

வாசல் பலகையில் ஒரு வரி கூடியிருக்கிறது. ‘பெறப்பட்ட ஆட்சேபணைகள்: 0. துக்கம்: 1.’ ஒன்று சாதாரணக் கறுப்பு மையில் இருக்கிறது.

தூண்கள் மணலிலேயே கிடந்து துருப்பிடித்தன. குப்பத்துப் பெண்கள் அவற்றின் மேல் கருவாடு காயப்போடுகிறார்கள். தினமும் விடியலில் நாற்பத்திரண்டு படகும் கிரிப்பு ராஜாவைத் தேடிக் கடலுக்குப் போகின்றன. இதுவரை அகப்படவில்லை. சங்கரா அகப்பட்டது, கானாங்கெளுத்தி அகப்பட்டது, ஒரு தடவை நல்ல வஞ்சிரம் அகப்பட்டது.

சித்திரையில் பாஸ்கரின் முறை முடிந்து சாவியும், அதோடு துக்கமும் அடுத்த வீட்டுக்குப் போயின. ஆனால் அவன் கால் முழுசாக அடங்கவில்லை. தொலைவில் வெளிநாட்டுக் கப்பல் ஏதாவது துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பினால் போதும், வலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவான். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அது பெட்டி இறக்கும் வரை பார்ப்பான்.

அன்றும் அப்படி ஒரு கப்பல். படகில் கால் தட்டுகிற சத்தம் கேட்டு மணி என்ஜினை அணைத்தான்.

“இன்னா மாமு, திரும்ப ஆரம்பிச்சிட்ட?”

“அதுல எங்கனா அவர ஏத்தி அனுப்ச்சிட்டானுங்கன்னா?”

மணி சிரித்தான். வலையின் மறு முனையை அவன் கையில் திணித்தான்.

“பேஜாராவாத. பேசலாம் வான்னு ஒரு தபா கூப்டாங்கன்னு நம்பிப் போய், பன்னெண்டு வருஷம் சங்கிலில கெடந்த மன்சன் அவரு. ரெண்டாவது தபா ஆபீஸ்லேர்ந்து கூப்டா வருவாரா? இழு.”